வேப்பிலை இல்லாத வாசல்கள்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை, நிலைப்படியில் செருகிய வேப்பிலைக் கொத்து சொல்லிவிடும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலும் வயலும் சூழ்ந்த அந்தத் தெருவில், 1960-களில் பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு வாசலில் வேப்பிலையும் ஏறிவிடும். தயிர்க்காரம்மா எட்ட நின்றே குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். வெளியூரிலிருந்து அந்த வீட்டைத் தேடி வந்த உறவுக்காரர் வாசலைப் பார்த்ததும் பையோடு எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார், "யாருக்குப் போட்டிருக்கு, பெரியவனுக்கா சின்னவனுக்கா?" என்று பாட்டியிடம் விசாரித்து, கொண்டுவந்த பழத்தை எங்களிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். அந்த வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனை வராது. யாரும் தலை வாரிக்கொள்ள மாட்டார்கள், வெளியூர் கிளம்ப மாட்டார்கள், உரக்கச் சண்டைகூடப் போட மாட்டார்கள். நோய் ஒரு வீட்டுக்குள் இருந்தாலும் விரதம் தெருவுக்கே.

பெரியவர்களுக்குக் கவலை. எங்களுக்கு அதில் ஒரு ரகசிய ஆசை இருந்தது. சின்னம்மை போட்டவனுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, நுங்கு உண்டு, இளநீர் உண்டு, நாள் முழுக்க அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் தடவிக்கொடுப்பாள். மற்ற நாளில் அம்மா யாருக்காவது அத்தனை நேரம் கிடைப்பாளா? பொன்னுக்கு வீங்கி வந்தாலோ இன்னும் விசேஷம், பெயருக்கு ஏற்றபடி கழுத்தில் தங்கச் சங்கிலி ஏறும். என் அத்தை மகன் இரண்டு கன்னமும் புடைத்து, அத்தையின் இரட்டைவடத்தைப் போட்டுக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருந்த கோலத்தை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் கன்னத்தையும் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு, எப்போது வீங்கும் என்று காத்திருந்திருக்கிறேன். உங்களில் பலருக்கும் இப்படி ஒரு காத்திருப்பு இருந்திருக்கும்.

சாதாரணக் காய்ச்சலுக்கும் அதற்கென்று ஒரு சாப்பாடு இருந்தது. பிரெட் என்பது காய்ச்சல்காரர்கள் சாப்பிடும் பொருள்; நல்ல உடம்போடு இருப்பவன் பிரெட் சாப்பிட்டால் "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். ஆர்லிக்ஸ், சாத்துக்குடி, மிளகு ரசம் விட்டுக் குழைத்த சாதம் எல்லாமே உடம்பு சுட்டால்தான் கிடைக்கும். டாக்டர் வீட்டுக்குப் போகும்போது பாட்டிலை நாமே கழுவி எடுத்துப் போக வேண்டும். கம்பவுண்டர் அதில் ரோஜா நிறத்திலோ மஞ்சள் நிறத்திலோ மிக்ஸரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டுவதற்காக ஓரங்களில் பற்கள் வெட்டிய ஒரு காகிதத் துண்டைப் பசை தடவி ஒட்டிக் கொடுப்பார். அந்தப் பற்கள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்ப்பதே பாதிக் குணம். கடைசிப் பல்லுக்கு மருந்து இறங்கும்போது காய்ச்சலும் இறங்கியிருக்கும், பாட்டி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள்.

அந்தக் காலத்து நோய்களுக்கு ஆரம்பம் என்று ஒரு நாள் இருந்தது, முடிவு என்று ஒரு நாளும் இருந்தது. அம்மை இறங்கினால் முற்றத்து வெயிலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெதுவெதுப்பானதும் தலைக்கு ஊற்றுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மூன்று தண்ணீர் ஊற்றியதும் வீட்டில் கடுகு வெடிக்கும், வேப்பிலை வாசலை விட்டு இறங்கும், தயிர்க்காரம்மா பழையபடி உள்ளே வருவார். வந்தது போய்விட்டது என்று ஊருக்கே தெரியும்.

போகாதவையும் இருந்தன. சந்தோஷத்தை மட்டும் சொல்லிவிட்டு அவற்றைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தெருவுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். என் பாட்டியின் தங்கை முகம் முழுக்க அம்மைத் தழும்பு, ஒரு கண்ணில் பார்வை இல்லை. அது சின்னம்மை அல்ல, பெரியம்மை. பிடித்தவர்களில் ஏறக்குறைய 100-க்கு 30 பேரைக் கொண்டுபோன நோய். அவரோடு பிறந்த இரண்டு பேர் ஒரே வாரத்தில் போனதை அவர் எந்தக் குரல் மாற்றமும் இல்லாமல் சொல்வார். கோடைத் திருவிழா முடிந்த வாரத்தில் வாந்திபேதி வரும். காலையில் வயலுக்குப் போனவர் மறுநாள் காலையில் இருக்க மாட்டார். தெருக்கோடி வீட்டு வாத்தியாருக்கு டி.பி. வந்தபோது அவருடைய தம்ளர் தனியாயிற்று, பிறகு பாய் தனியாயிற்று, பிறகு அவரே தனியாகத் தாம்பரம் சானடோரியத்துக்குப் போனார். குஷ்டம் வந்தவரை ஊர் எப்படி நடத்தியது என்பதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. தொற்றும் என்ற பயத்தில் நாம் மனிதர்களுக்குச் செய்த கொடுமை, பல சமயம் நோய் செய்ததைவிடப் பெரியது.

ஆனால் அதே பயம்தான் எல்லோரையும் ஒரு வேலையில் இறக்கியது. அடுத்த வீட்டுக்காரன் நோய் என் வீட்டுக்கும் வரும் என்று தெரிந்த ஊர், அடுத்த வீட்டுக்காரனைச் சும்மா விடாது. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்ற செய்தி பள்ளிக்கூடத்துக்கு எட்டினால் பாதிப்பேர் பின்பக்கச் சுவரேறிக் குதித்து வைக்கோல் போருக்குள் போய்விடுவோம். வாத்தியார்களும் பெரிய பையன்களும் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார்கள். சென்னை கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட் கன்றுகளின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பால் மருந்து அன்றைய மாகாணம் முழுக்கப் போய்ச் சேர்ந்த கதையை நான் பிற்பாடுதான் படித்தேன். அப்போது தெரிந்ததெல்லாம் கையில் எரிந்த வட்டம்தான். அந்தத் தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது, என் மகன் கையில் இல்லை. இருக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை யாருக்கும் வரவில்லை, 1980 மே 8 அன்று உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. மனிதர்களைப் பிடித்த ஒரு நோயை மனிதர்களே முழுவதுமாக இல்லாமல் ஆக்கியது அந்த ஒன்றைத்தான்.

மலேரியாக்காரர்கள் டி.டி.டி. தெளித்துவிட்டு, காவியடித்த சுவரில் தேதியும் கையெழுத்தும் எழுதிவிட்டுப் போவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வார். பஞ்சாயத்து ஆள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார், இரண்டு நாளைக்குக் காபியிலும் அந்த வாடை. எனக்கு மிகவும் பிடித்தவர்கள் யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க வந்தவர்கள்தாம், ஏனென்றால் அவர்கள் ராத்திரியில்தான் வருவார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் உடம்பின் உள்ளே ஒதுங்கியிருந்து, கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் ரத்தத்தில் மிதந்து மேலே வருமாம். தூங்குகிற எங்களை எழுப்பி உட்காரவைத்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விரல் நுனியில் குத்தி, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டை இழுத்துக்கொண்டு போவார்கள். தெருவே அந்த நேரத்தில் விழித்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

தாம்பரம் போன வாத்தியார் திரும்பி வரவில்லை. அவருக்குச் சில வருஷங்களுக்குப் பிறகு அதே டி.பி. வந்த தபால்காரர், வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, என் கல்யாணப் பத்திரிகையைத் தன் கையால் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மாற்றத்துக்குப் பின்னால் சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் ஏற்பட்ட காசநோய் மையத்தில், நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் மறுபாதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி, இரு பக்கமும் ஒரே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, கட்டில், ஓய்வு எதுவும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள்; கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்க டி.பி. மருத்துவத்தை மாற்றியது. தம்ளரையும் பாயையும் பிரிக்காமலே ஒரு மனிதரைக் காப்பாற்றலாம் என்று ஏழைகள் நிறைந்த நம் ஊர் ஒன்று உலகத்துக்குச் சொன்னது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். அன்றைக்கு எங்கள் தெருவில் சர்க்கரை வியாதி ஒரே ஒருவருக்குத்தான், எதிர்வீட்டு வக்கீல் தாத்தாவுக்கு. அது பணக்காரர் வியாதி, கொஞ்சம் கௌரவம்கூட. அவர் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் நீல நிறக் கரைசலை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப்போக அவர் முகமும் மாறும். அந்த நிறம் பார்க்க நாங்கள் கூட்டமாகப் போவோம். இன்சுலின் புட்டியை ஈரமணல் நிரப்பிய மண்பானையில் புதைத்து வைத்திருப்பார், அவர் வீட்டுப் பாட்டி கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுப்பார். "தாத்தாவுக்கு ஏன் பாட்டி நீங்க தனித் தம்ளர் வைக்கல?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "இது ஒட்டுவாரொட்டி இல்லடா கண்ணா, அவரோட போற வியாதி" என்றார் பாட்டி. ஒட்டும் நோய்க்கும் ஒட்டாத நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஆசிரியை அவர்தான். கிருமி ஒன்று காற்றிலோ தண்ணீரிலோ கொசுவிலோ தொட்ட கையிலோ ஏறி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் அது தொற்று. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு, பெரும்பாலான புற்றுநோய்கள் இவையெல்லாம் உடம்புக்குள்ளேயே மெல்லமெல்ல விளைபவை, பக்கத்தில் உட்கார்ந்தால் வராதவை. பிற்பாடு பாடப்புத்தகம் இதைத்தான் இரண்டு பத்தியாக நீட்டியது.

அதே தெருவில் இன்று சர்க்கரை இல்லாத பெரியவரைத்தான் தேட வேண்டும். 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்குமேல். 1990-இல் இந்தியாவில் நடந்த மரணங்களில் 37.9 விழுக்காடு தொற்றா நோய்களால். 2016-இல் அது 61.8 விழுக்காடு. ஒரு தலைமுறைக்குள் மேலே இருந்தது கீழேயும் கீழே இருந்தது மேலேயும் போய்விட்டது. இதில் துக்கம் மட்டும் இல்லை. சாகாமல் பிழைத்த குழந்தைகள் வளர்ந்து, நரைத்து, சர்க்கரை வருகிற வயதுவரை இருக்கிறார்கள் என்பதும் இதற்குள் இருக்கிறது. என் பாட்டியின் தங்கையோடு பிறந்த அந்த இருவருக்கு மாத்திரை டப்பா வைத்துக்கொள்கிற வயது வாய்க்கவில்லை.

எனக்கு இருக்கிற குறை வேறு. புது நோய்க்கு வாசலில் வேப்பிலை இல்லை. அது வந்த நாள் யாருக்கும் தெரியாது. வேறு எதற்கோ ரத்தம் எடுத்த இடத்தில் ஒரு எண்ணாக நம் கைக்கு வருகிறது. போகிற நாளும் கிடையாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது என்பதால், அதில் படிந்த சர்க்கரையை அளந்து மூன்று மாதத்துச் சாப்பாட்டின் கதையை ஒரே காகிதத்தில் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தை நாம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வராத நோய் இது. காய்ச்சல்காரனுக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், சர்க்கரைக்காரனுக்கோ பந்தியில் இலைக்கு இலை அறிவுரைதான் கிடைக்கிறது. "ஜாங்கிரியெல்லாம் சாப்பிட்டே இல்ல, அதான்" என்று சொல்லாத உறவுக்காரர் யார்? அம்மை போட்டவனை நீ என்ன செய்தாய் என்று யாரும் கேட்டதில்லை. ஒட்டாத நோய் வந்தவனிடம் அதைத்தான் முதலில் கேட்கிறோம், அவன் தனியாகச் செய்த தப்புக்குத் தனியாகக் கிடைத்த தண்டனை மாதிரி.

அது உண்மை இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே சரியான சாப்பாடு கிடைக்காமல் எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரையும் இதயநோயும் வரும் ஆபத்து கூடுதல் என்று டேவிட் பார்க்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் காட்டியிருக்கிறார். பஞ்சத்தில் பட்டினி கிடந்த பாட்டியின் பாக்கியைப் பேரன் கட்டுகிறான் என்றால் அதில் ஜாங்கிரி எங்கே வந்தது? மில்லில் பளபளக்கத் தீட்டிய அரிசி, நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடாத உத்தியோகம், நடக்க இடம் இல்லாத தெரு, பள்ளிக்கூட வாசலில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும் உப்பும் எண்ணெயும், புகையிலை, புகை மண்டிய காற்று, இவற்றில் எதை ஒருவன் தனியாகத் தேர்ந்தெடுத்தான்? கிருமி இல்லை என்பதால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எதுவும் போகவில்லை என்று ஆகிவிடாது. பழக்கம் போகிறது, விளம்பரம் போகிறது, வறுமை போகிறது.

ஒட்டுவது, ஒட்டாதது என்ற இந்த வேலியை நோய்களே மதிப்பதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் காரணம் என்று கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் கிடைத்தது. இன்று அந்தப் புற்றுநோயைத் தடுக்க ஊசி இருக்கிறது. வயிற்றுப்புண்ணுக்குக் காரம்தான் காரணம், கவலைதான் காரணம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்து, இதோ இதுதான் என்று காட்டினார். இந்தப் பக்கம் பார்த்தால், சர்க்கரை உள்ளவருக்கு டி.பி. வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. வக்கீல் தாத்தாவின் வியாதி வாத்தியாரின் வியாதிக்குக் கதவு திறந்துவிடுகிறது. 2020-இல் கொரோனா வந்தபோது அது கடுமையாகக் கைவைத்ததும் சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர்கள்மேல்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில், காலராவில் துவண்டவர்களுக்கு திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து உயிர் மீட்டார். குடலுக்குள் குளுக்கோஸ்தான் உப்பையும் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு ரத்தத்துக்குள் போகிறது. ஒரு நோயில் உயிர் காத்த அதே பொருள் இன்னொரு நோயில் எண்ணாகி நம்மைப் பயமுறுத்துகிறது. கோடு போட்டுப் பிரித்துவைப்பது பரீட்சைக்கு உதவும். உடம்பு ஒன்றுதானே.

அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் எங்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதன் தன்னார்வலப் பெண் ஒருத்தி தோள்பையில் பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். "ஐயா, விரலைக் கொடுங்க" என்கிறாள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு. யானைக்கால்காரர்கள் ராத்திரியில் எடுத்த அதே சொட்டை இவள் பகலில் எடுக்கிறாள். பெட்ரோமாக்ஸ் இல்லை, எழுப்பிவிடுகிற பாட்டி இல்லை, ஆனால் தெரு மறுபடியும் ஒருவரையொருவர் விசாரிக்கிறது. "உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலாகக் கேட்கும்போது எனக்கு வெட்கமாக இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்ட எதிர்வீட்டுக்காரரை இரண்டு பேர் போய்த் திட்டிவிட்டு வருகிறோம். அவரும் திட்டு வாங்கிக்கொண்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

ஆனால் மாத்திரை மட்டும் போதாது என்று அந்தப் பெண்ணே சொல்கிறாள். அன்றைக்குக் கிணற்றுக்கு மருந்து போட்டார்கள், சாக்கடைக்கு எண்ணெய் தெளித்தார்கள்; நோயாளியை மட்டும் பார்க்காமல் நோய் வருகிற வழியையும் பார்த்தார்கள். இந்த நோய்களுக்கு அந்த வழி எது என்று எங்கள் தெருவில் நாங்கள் ஆறேழு பேர் உட்கார்ந்து பேசி, இரண்டு காரியங்களை எழுதிக்கொண்டோம். வாய்க்கால் கரையில் ஆக்கிரமித்துக் கொட்டியிருக்கும் கட்டட இடிபாட்டை அள்ளிவிட்டு, கிழவர்களும் பெண்களும் அந்தி நேரத்தில் பயமில்லாமல் நடக்க ஒரு பாதையும் நாலு விளக்கும் போட வேண்டும். பள்ளிக்கூட வாசலில் பாக்கெட் தொங்கும் இடத்தில் வேர்க்கடலையும் சுண்டலும் விற்க, முன்பு அங்கே கூடை வைத்திருந்த அம்மாளின் மருமகளுக்கே இடம் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்துக்கு மனு போயிருக்கிறது. அடுத்த கிராமசபையில் இது வரும், நாங்கள் எல்லோரும் போகிறோம், அந்தத் தன்னார்வலப் பெண்ணையும் பேசச் சொல்லியிருக்கிறோம்.